டிம் விண்டனின் ‘புளூபேக்’: டோரா காத்தது மகனையா, கடலையா?

மணல்மேடு

டிம் விண்டன் எழுதிய ‘புளூபேக்’ பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். 1997ல் வந்த சின்ன நாவல், ஒரே மாலையில் படித்துவிடலாம். முடிவு வரை பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வந்தால் நல்லது.

கதை நடப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில். லாங்போட் பே என்ற ஒதுக்குப்புறமான விரிகுடாவில் பத்து வயது ஏபல் ஜாக்சனும் அவன் அம்மா டோராவும் இருக்கிறார்கள். ஏபலுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, முத்துக்குளிக்கப் போன அப்பாவைப் புலிச்சுறா கொன்றுவிட்டது. தோட்டத்தில் விளைவதும் கடலில் கிடைப்பதும்தான் இருவருக்கும் பிழைப்பு. அபலோன் சிப்பி எடுக்க மூழ்கும்போது பையன் ஒரு பிரம்மாண்டமான நீல மீனைப் பார்க்கிறான். அதற்கு அவன் வைக்கும் பெயர்தான் புளூபேக். அப்புறம் அவன் வளர்கிறான், படிக்க நகரத்துக்குப் போகிறான், கடல் விஞ்ஞானி ஆகிறான், உலகமெல்லாம் சுற்றுகிறான். அம்மா அங்கேயே இருக்கிறாள்.

பையனுக்கும் மீனுக்கும் உள்ள நட்பு என்றுதான் பலரும் இதைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு இது டோராவின் கதை. கடலைக் காப்பாற்றப் போகிறேன் என்று அவள் கிளம்பவே இல்லை. ஓரிடத்தில் இருக்கும் சிப்பியை எல்லாம் பெயர்க்காமல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறாள். மகனையும் அப்படியே பழக்குகிறாள். பெரிய விளக்கம் எதுவும் இல்லை, அவன் கை தானாகப் பழகிவிடுகிறது. மகனை வளர்ப்பதும் விரிகுடாவைக் காப்பதும் அவளுக்கு ஒரே வேலை. இரண்டிலும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாறையில் கையை நிறுத்திக்கொள்கிற அதே பெண்தான், பையனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஆசையையும் நிறுத்திக்கொண்டு படிக்க அனுப்புகிறாள்.

கடல் பற்றி எழுதப்பட்ட இளையோர் கதைகளில் இந்த அளவு அமைதியான அம்மாவை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

கச்சான்காற்று

அக்கா, புத்தகம் படித்தேன், படமும் பார்த்தேன். ராமநாதபுரம் கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. என் பாட்டி பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். டோரா மூழ்கும் இடங்களைப் படிக்கும்போது எழுதியவர் கடலில் இறங்கியவர்தான் என்று நம்பிக்கை வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு போகிறவருக்குத் தண்ணீருக்குள் நேரம் எப்படிப் போகும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

ஒரு சந்தேகம். அந்த மீன் நாங்கள் களவா என்கிறோமே, அதுவா? ஒரு மீன் ஒரே இடத்தில் இத்தனை வருஷம் இருக்குமா? பையன் பெரியவனாகி, அவனுக்குப் பிள்ளை பிறந்து, அதுவும் வந்து அதே மீனைப் பார்க்கிறது. அந்த இடத்தில் கதை கொஞ்சம் அளக்கிறதோ என்று பட்டது.

கடலுயிர்மாணவி

அண்ணா, அது களவா இல்லை. கிளிமீனுக்கு நெருங்கிய உறவான இன்னொரு குடும்பம். மேற்கத்திய நீல குரோப்பர் என்பார்கள், ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையை ஒட்டிய பாறைகளில் வாழ்வது. தடித்த உதடு, ஆணி மாதிரிப் பல். நண்டு, சிப்பி, கடல் முள்ளெலி எல்லாவற்றையும் உடைத்துத் தின்னும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும்.

வயது விஷயத்தில் கதை அளக்கவில்லை. மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை மெல்லிசாக அறுத்தால் மரத்தில் இருப்பது போல ஆண்டு வளையங்கள் தெரியும். நாவல் வந்த பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். இந்த மீன் 70 ஆண்டு வரை வாழும் என்று தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், எல்லாமே முதலில் பெண்ணாகத்தான் வளர்கின்றன. முட்டையிடும் பருவம் வரவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஏறக்குறைய 35 வயதில்தான் சில ஆணாக மாறும். பெண் மீன் பச்சை கலந்த நிறம், ஆண் மீன்தான் அந்தப் பளிச்சென்ற நீலம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏபல் பத்து வயதில் பார்த்த மீன் ஏற்கெனவே நீலம். அப்படியென்றால் அதற்கு அப்போதே 35 இருக்கலாம். டோராவின் வயதுதான் அது, ஒருவேளை அவளுக்கு மூத்ததாகவும் இருக்கலாம். ஏபல் நாற்பதைத் தாண்டிக் கையில் குழந்தையோடு வரும்போது மீனுக்கு 70 நெருங்கும். மூன்று தலைமுறை ஜாக்சன்களை ஒரே மீன் பார்ப்பது சாத்தியம்தான்.

சிப்பி பற்றி மணல்மேடு அக்கா எழுதியதற்கும் உயிரியல் காரணம் இருக்கிறது. அபலோன் ஒரு ஓடு மட்டும் உள்ள சிப்பி, நத்தை இனம். பாறையில் ஒட்டிக்கொண்டே வாழும், துணை தேடி நெடுந்தூரம் போகாது. ஆணும் பெண்ணும் தண்ணீரில் விடும் விந்தும் முட்டையும் அங்கேயே கலந்தால்தான் குஞ்சு. பக்கத்துப் பக்கத்தில் போதுமான சிப்பி இல்லையென்றால், விட்டது எல்லாம் நீரோட்டத்தில் கலைந்து வீணாகிவிடும். ஒரு கூட்டத்தை முழுதாகப் பெயர்த்துவிட்டு இன்னொரு கூட்டத்தைத் தொடாமல் விடுவதைவிட, ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. டோரா செய்தது அதுதான். ஆய்வகம் எதுவும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

கச்சான்காற்று

நன்றி தங்கச்சி. 35 வருஷம் என்று தெரிந்த பிறகு கோஸ்டெல்லோ மேல் கோபம் இன்னும் கூடுகிறது.

பழையநூலகர்

படிக்காமல் இழைக்கு வந்தவர்களுக்காக: கோஸ்டெல்லோ வெளியிலிருந்து வந்து பாறைகளை வழித்துத் துடைத்துக்கொண்டு போகும் அபலோன் மூழ்காளி. அவனுக்கு முன்னால் அங்கே தொழில் செய்த ‘மேட்’ மேக்கா என்பவரும் அதே வேலைக்காரர்தான், ஆனால் அக்கம்பக்கத்து மனிதர். மேக்கா இறந்த பிறகு கோஸ்டெல்லோ வருகிறான். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

எழுத்தாளரின் பின்னணியைச் சொன்னால் நாவல் இன்னும் துலங்கும். விண்டன் 1960ல் பெர்த் பக்கம் பிறந்தவர். பதின்வயதில் குடும்பம் ஆல்பனிக்குக் குடிபோனது. அது தென்கரையின் திமிங்கில வேட்டைத் துறைமுகம். ஆஸ்திரேலியாவின் கடைசித் திமிங்கில நிலையம் அங்கேதான் இருந்தது, 1978 நவம்பரில்தான் மூடினார்கள். இன்று அது அருங்காட்சியகம். கடலிலிருந்து பிழைக்கும் ஊர் எப்படி இருக்கும், அந்தத் தொழில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அருகிலிருந்து பார்த்த தலைமுறை அவருடையது. அதனால்தான் கடலில் எதையும் தொடாதே என்ற உபதேசம் இந்த நாவலில் இல்லை. ஜாக்சன்கள் மீன் பிடிக்கிறார்கள், கொன்று தின்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவலில் விரிகுடாவை வாங்கிக் கட்டடம் எழுப்ப ஆட்கள் வருகிறார்கள், டோரா மறுக்கிறாள். நாவல் வந்து சில ஆண்டுகளில் விண்டன் தானே அப்படி ஒரு சண்டையில் இறங்கினார். நிங்கலூ பவளப்பாறைக்கு அருகே, மாட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில், படகுத்துறையோடு பெரிய சுற்றுலா விடுதி கட்டத் திட்டம் வந்தது. அவர் அந்த எதிர்ப்பின் முகமாக நின்றார். தன் இன்னொரு நாவலான ‘டர்ட் மியூசிக்’குக் கிடைத்த பரிசுப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 2003ல் மாநிலத் தலைமையமைச்சர் ஜெஃப் கேலப் திட்டத்தை நிராகரித்தார். 2011ல் நிங்கலூ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. எழுதியதைப் பின்னால் வாழ்ந்து காட்டுவது எல்லா எழுத்தாளருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

பெர்த்வாசி

வணக்கம். இங்கே பல வருடமாக இருப்பவள் என்பதால் சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

அபலோன் எடுப்பதற்குப் பெர்த்தில் இன்று எவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். உரிமம் வாங்க வேண்டும். கோடையில் சில சனிக்கிழமைகள் மட்டும், காலை 7 மணி முதல் 8 மணி வரை, அந்த ஒரு மணி நேரம்தான். ஒருவருக்கு 15 சிப்பி, அதுவும் அளவுக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. மீன்வளத் துறைக்காரர்கள் கரையில் அளவுகோலோடு நிற்பார்கள். மணி அடித்த மாதிரி ஜனங்கள் பாறைக்கு ஓடுவார்கள், அலையில் சிக்கி உயிரை விட்டவர்களும் உண்டு. டோராவின் கை தானாகச் செய்ததை இங்கே கடிகாரம் செய்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது டோரா நினைவுக்கு வருவாள். தினமும் கடலோடு இருப்பவளுக்கு அவசரம் இல்லை. ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவர்களுக்கு அவசரம் தவிர வேறெதுவும் இல்லை.

கிழக்குக் கரையில் நீல குரோப்பருக்கு ஒரு உறவுக்கார மீன் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 1969லிருந்தே அதை ஈட்டியால் குத்தத் தடை, 1998லிருந்து மாநில மீனும் அதுதான். அப்படியிருந்தும் 2023 டிசம்பர் கடைசியில் சிட்னி குரொனல்லா பக்கம், ஊரே அறிந்த ஒரு மீனை ஒருவர் குத்திவிட்டார். கடலில் நீந்துகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான மீன் அது. அழுதவர்கள் நிறையப் பேர். அபராதம் 800 டாலர். அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தில் அந்த மீனை எந்த முறையிலும் பிடிக்கக்கூடாது என்று தடை வந்தது. செய்தியைப் படித்தபோது ஏபலின் பயம் எவ்வளவு நிஜம் என்று புரிந்தது. மனிதரைக் கண்டு ஒதுங்காமல் பக்கத்தில் வரும் மீன், ஈட்டிக்காரரிடமும் அப்படித்தான் வரும்.

படம் பற்றிக் கச்சான்காற்று தம்பி சொன்னார். ராபர்ட் கானலி இயக்கியது, 2022. அதில் ஏபல் பெண்ணாகி ஏபி ஆகிவிட்டாள். எனக்கு அந்த மாற்றம் பிடித்தது, அம்மா மகள் சண்டையில் இன்னும் காரம் ஏறியது. எடுத்த இடம் தென்கரையில் பிரமர் பே. தண்ணீர் நிறத்தைப் பார்த்தீர்களா? சாயம் எதுவும் சேர்க்கவில்லை, அங்கே அப்படித்தான் இருக்கும்.

தூரதேசம்

நான் கடல் பற்றிப் பேசத் தகுதியானவன் இல்லை, உள்நாட்டுக்காரன். எனக்கு இந்த நாவலில் வலித்தது வேறு இடம்.

பள்ளிக்குப் போவதற்காக ஏபல் விரிகுடாவை விட்டுக் கிளம்புகிறான். அந்தப் பிரிவை விண்டன் அதிகம் நீட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாவலின் வேகமே மாறிவிடுகிறது. முதல் பாதியில் ஒரு மூழ்கலுக்கு ஒரு பக்கம் கொடுத்தவர், அவன் போன பிறகு ஆண்டுகளை மடமடவென்று தாண்டுகிறார். படிப்பு, வேலை, ஸ்டெல்லாவோடு திருமணம், நாடு நாடாகப் பயணம், எல்லாம் சில பக்கங்களில். முதலில் எழுத்தாளர் அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் தோன்றியது, வீட்டை விட்டு வந்தவனுக்கு வாழ்க்கை அப்படித்தான் ஓடுகிறது. சென்னை, பெங்களூர், துபாய் என்று பத்து வருஷம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஊரில் இருந்த ஒவ்வொரு கோடை விடுமுறையும் நாள் நாளாக ஞாபகம் இருக்கிறது.

ஏபல் கடலைப் பற்றி எல்லாம் கற்றுக்கொள்கிறான். ஆனால் எந்தக் கடல்? தூரத்துக் கடல்கள். தன் விரிகுடாவில் இந்த வருஷம் என்ன மாறியிருக்கிறது என்பதை அம்மாவிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. படிப்பு அவனை உயர்த்தியது என்றும் நாவல் சொல்லவில்லை, கெடுத்தது என்றும் சொல்லவில்லை. அம்மா ஏன் அவனைத் திரும்பி வா என்று ஒருமுறைகூடக் கட்டாயப்படுத்தவில்லை என்ற கேள்வி மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மணல்மேடு, நீங்கள் அதை நல்ல குணமாகச் சொல்கிறீர்கள். அவள் தனிமையில் எவ்வளவு விழுங்கியிருப்பாள் என்பதையும் நாம் சேர்த்துப் பேச வேண்டும். கணவனைக் கடல் எடுத்தது, மகனைப் படிப்பு எடுத்தது. மிச்சம் இருந்தது அந்த விரிகுடா. அதையும் கேட்டு ஆள் வரும்போது அவள் காட்டும் பிடிவாதத்தில் கொள்கை எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

மணல்மேடு

பிரிக்க வேண்டுமா என்பதே என் கேள்வி, தூரதேசம். துக்கத்தோடு ஒரு இடத்தைப் பற்றிக்கொண்டவர்கள்தான் அந்த இடத்துக்காகக் கடைசி வரை நிற்கிறார்கள். சுறா கணவனைக் கொன்ற பிறகும் அவள் கடலில் இறங்குகிறாள், மகனையும் இறக்குகிறாள். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. என் பிள்ளைகளை அந்தத் தண்ணீர்ப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்ன தனிமை உண்மை. அவள் உள்ளுக்குள் என்ன பேசிக்கொண்டாள் என்று விண்டன் நமக்குக் காட்டவில்லை. ஏபலின் கண் வழியாகத்தான் அவளைப் பார்க்கிறோம். பிள்ளைகள் அம்மாவைப் பார்க்கிற விதமே அதுதானே. அவள் களைத்துப்போனாள் என்பது அவன் திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கே உறைக்கிறது.

கச்சான்காற்று

எல்லோரும் நெகிழ்ந்து பேசுகிற இடத்தில் நான் ஒரு முரண்பாட்டை வைக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லாமல் போனால் சரியில்லை.

கடைசியில் விரிகுடா பாதுகாக்கப்பட்ட இடமாகிறது. டோராவின் வெற்றி. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் டோராவுக்குச் சொந்த நிலம் இருந்தது, பட்டா இருந்தது. கடல் மூடப்பட்டாலும் அவள் வீட்டை யாரும் அசைக்கப்போவதில்லை. எங்கள் மன்னார் வளைகுடாவில் 1986ல் 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். என் பாட்டி தலைமுறைப் பெண்கள் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் காலங்காலமாகப் பாசி எடுத்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு அவர்கள் அதே தண்ணீரில் குற்றவாளி மாதிரி ஒளிந்து இறங்க வேண்டி வந்தது. பிடிபட்டால் பாசியும் போகும், பையும் போகும்.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்போம் என்று தாங்களே கூடிக் கட்டுப்பாடு வைத்தார்கள். பாறையைச் சுரண்டும் கருவியைத் தவிர்த்துக் கையால் எடுக்கிற முறைக்கு வந்தார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். அவரும் டோராதான். என்ன வித்தியாசம் என்றால், டோரா சொன்னதை அரசாங்கம் கேட்டுக் கடலைப் பாதுகாத்தது. இவர்கள் விஷயத்தில் அரசாங்கம் கடலைப் பாதுகாக்கும்போது இவர்களிடம் கேட்கவே இல்லை. ஒரு பெண், ஒரு பையன், ஒரு விரிகுடா என்று எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. பக்கத்தில் இருநூறு வீடு இருந்திருந்தால் விண்டன் எப்படி எழுதியிருப்பார்?

பெர்த்வாசி

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி இங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதுவும் அதே பிரமர் பே பக்கம். பிரமர் பேயிலிருந்து தெற்கு ஆஸ்திரேலிய எல்லை வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைக்குக் கடல்சார் பூங்காக்கள் அமைக்கத் திட்டம் வந்தது. 2024ல் வரைவை வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மீன்பிடிக்கவே கூடாத பகுதிகள் எவ்வளவு என்பதில்தான் மொத்தச் சண்டையும். தலைமுறையாகத் தொழில் செய்யும் குடும்பங்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்களும் கடலை நேசிப்பவர்கள்தான். இரண்டு பக்கமும் டோராக்கள் இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் எழுப்பாத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு இந்த நாவலில் உள்ள பெரிய குறை அது. ஜாக்சன் குடும்பம் நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே இருப்பதை நாவல் பெருமையோடு சொல்கிறது. அந்தக் கரை பூர்வகுடிகளான நூங்கர் மக்களுடையது. அவர்கள் அங்கே இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளாக. ஆல்பனிக்குப் பக்கத்தில் ஆய்ஸ்டர் ஹார்பரில் மெனாங் நூங்கர் மக்கள் கல்லடுக்கிக் கட்டிய மீன்பொறிகள் இன்றும் நிற்கின்றன, வயது 7,500 ஆண்டு வரை இருக்கலாம் என்கிறார்கள். அலை ஏறும்போது மீன் உள்ளே வரும், இறங்கும்போது கல்வரிசைக்குள் நிற்கும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அறிவுக்கு முன்னால் நூறு வருட ஜாக்சன்கள் நேற்று வந்தவர்கள். நாவலில் அந்த மக்கள் முன்னால் வருவதே இல்லை. இப்போது வரும் பூங்காக்கள் சிலவற்றுக்கு நூங்கர் பெயர்கள் வைக்கப்படுகின்றன, நிர்வாகத்திலும் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாவலை இன்று எழுதினால் டோராவுக்கு யாரோ ஒருவர் சொல்லித்தந்திருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

பழையநூலகர்

குறை நியாயமானது. 1997ல் வந்த சிறு கதை, அதுவும் பிள்ளைகளும் படிக்க எழுதிய நீதிக்கதை வடிவம் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் சமாதானம் பதிலாகிவிடாது.

இருந்தாலும் கச்சான்காற்று தம்பிக்கு ஒன்று சொல்வேன். ‘ஒரு பெண், ஒரு பையன், ஒரு விரிகுடா’ என்று சுருக்கியதால்தான் இந்தக் கதையில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. எடுக்கிற கையும் விட்டுவைக்கிற கையும் ஒன்றாக இருக்க முடியும் என்பது. ஊர், சங்கம், அதிகாரிகள் எல்லாம் வந்துவிட்டால் நாவல் பெரிதாகும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. என் பேரன் படித்துவிட்டு, அந்த மீன் இப்போது உயிரோடு இருக்குமா தாத்தா என்று கேட்டான். மாணவி தங்கை எழுதிய 70 ஆண்டுக் கணக்கை அவனிடம் படித்துக் காட்டினேன்.

கடலுயிர்மாணவி

ஐயா, பேரனுக்குச் சொல்ல இன்னொரு பக்கமும் இருக்கிறது, சொல்வதற்குக் கஷ்டமானது.

2011ல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் பெரிய வெப்ப அலை வந்தது. தண்ணீர் வழக்கத்தைவிடப் பல டிகிரி சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றது. கரையோரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடுகள் அழிந்தன. பல இடங்களில் அவை திரும்பி வரவில்லை. கல்பாரி பக்கம் அபலோன் கூட்டம் கூட்டமாகச் செத்தது, அந்தப் பகுதியில் சிப்பி எடுப்பதையே மூட வேண்டியதாயிற்று. 2025ல் மறுபடி பெரிய வெப்பம் வந்து, விண்டன் போராடிக் காத்த நிங்கலூவிலேயே பவளங்கள் வெளுத்தன.

டோராவின் எதிரிகள் எல்லோருக்கும் முகம் இருந்தது. கோஸ்டெல்லோவைப் படகில் போய் எதிர்கொள்ளலாம். நிலம் கேட்டு வந்தவர்களிடம் வாசலில் நின்று முடியாது என்று சொல்லலாம். சூட்டுக்கு வாசல் கிடையாது. கல்பாரிச் சிப்பியை யாரும் பேராசையால் பெயர்க்கவில்லை, அளவாக எடுத்தவர்களின் பாறையிலும் அது செத்தது. இந்த நாவலை என் வகுப்பில் பேசினால் நான் இங்கேதான் நிற்பேன். ஒரு குடும்பம் தன் விரிகுடாவைக் காக்கலாம், கடலின் வெப்பத்தை ஒரு குடும்பம் தணிக்க முடியாது. ஏபலின் படிப்புக்கு நாவல் கொடுக்காத வேலை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு விரிகுடா. அவன் பல கடல்களைப் பார்த்தவன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வீட்டில் ஒருவராவது வெளியே போய் வந்திருக்க வேண்டும்.

தூரதேசம்

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். நன்றி தங்கை. வெளியே போனவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று இந்த இழையில் முதலில் சொன்னது நீங்கள்தான்.

கச்சான்காற்று

ஐயா சொன்னதை ஏற்கிறேன், சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கதைதான் சரி. ஆனால் பெரியவர்கள் நாம் பேசும்போது கோஸ்டெல்லோவை விட்டுவிடக்கூடாது. அவன் வீட்டிலும் பிள்ளை இருக்கலாம். பாறையை வழித்தெடுத்த காசில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கலாம். நாவல் அதைச் சொல்லவில்லை. குடும்பப் பாசம் இருந்தால் கடல் பிழைக்கும் என்று இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். எங்கள் பக்கம் கடலை வழித்தெடுக்கும் சுருக்குமடி வலை போட்டவரும் இரட்டைமடி வலை இழுத்தவரும் பிள்ளைகளுக்காகத்தான் போட்டோம் என்பார்கள். பொய்யும் இல்லை.

மணல்மேடு

இந்த இழையிலேயே எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருந்த கேள்வி இது.

யோசித்துப் பார்த்தேன். மேக்காவும் விற்பதற்குத்தான் சிப்பி எடுத்தார், அவரை டோரா அண்டை வீட்டுக்காரராகவே நடத்துகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். மேக்கா அடுத்த வருஷமும் அதே பாறைக்கு வர வேண்டியவர். கோஸ்டெல்லோ இந்தப் பாறை தீர்ந்தால் அடுத்த கரைக்குப் போய்விடுவான். அவன் பிள்ளை லாங்போட் பேயில் ஒருநாளும் மூழ்கப்போவதில்லை. டோராவின் பேத்தி மூழ்குவாள். பிள்ளை மேல் பாசம் இருவருக்கும் இருக்கலாம், அந்தப் பிள்ளை எந்தத் தண்ணீரில் வளரப்போகிறது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். அதனால்தான் ஏபல் திரும்பி வருவது நாவலுக்கு அவசியமாகிறது என்று நினைக்கிறேன். அவன் வெளியூரிலேயே தங்கியிருந்தால், டோராவுக்குப் பிறகு அந்த இடத்தில் யார் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிப்பார்கள்?

கச்சான்காற்று

இதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. எங்கள் ஊரில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று பிரித்து வைத்திருக்கிறோம். பல வருஷச் சண்டைக்குப் பிறகு வந்த ஏற்பாடு. அதை மீறுகிற படகு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, எந்த ஊர்ப் படகு என்பதுதான். உள்ளூர்ப் படகு என்றால் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கலாம், அவன் மகன் நம் பிள்ளைகளோடு படிக்கிறான். வெளியூர்ப் படகுக்குத்தான் அதிகாரி வேண்டும், அபராதம் வேண்டும். கோஸ்டெல்லோவை மீன்வளத் துறை வந்து பிடிக்கிற இடத்தை எங்கள் ஆட்கள் படித்தால் கைதட்டுவார்கள். சின்ன மடிக்கார அண்ணன்மார் சிலருக்கு இந்தக் கதையைத் தமிழில் வாய்வழியாகச் சொல்லப்போகிறேன். நீல மீனுக்கு 70 வயது என்ற இடத்தில் அவர்கள் கட்டாயம் என்னை மடக்குவார்கள். தங்கச்சி, அந்தக் காதுக்கல் படம் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

கடலுயிர்மாணவி

அனுப்புகிறேன் அண்ணா. உங்கள் பக்கத்துக் களவாவின் காதுக்கல்லிலும் இதே போல வளையம் எண்ணலாம். பெரிய மீன் வெட்டும்போது தலையை வீசிவிடாமல் வைத்திருங்கள், எங்கே இருக்கும், எப்படி எடுப்பது என்று எழுதி அனுப்புகிறேன்.